உதைத்துவிட்டுக் குனியக் கூடாது

பந்திக் கூடத்தில் உதைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், கோயமுத்தூரைப் பற்றி இனி யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை, இந்த ஒரு வரி போதும் என்று நினைத்தபடி, செருப்பை எங்கே கழற்றுவதென்று தெரியாமல் நின்றாள் அம்சவேணி. மார்கழி பிறந்துவிட்டது, முகூர்த்தம் கிடையாது, ஒரு மாதம் சும்மா பூட்டி வைப்பானேன் என்று மண்டபத்துக்காரர் காலை வேளையை ஒரு கிக் பாக்ஸிங் மாஸ்டருக்கு விட்டிருந்தார். போன மாதம் வரை ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த இடத்தில் இன்று நீல ரப்பர் பாய். மின்விசிறிக் கொக்கிகளில் விசிறிக்குப் பதில் ஆள் உயர மூட்டைகள் தொங்கின. சுவரோரம் கை கழுவும் தொட்டிகள், அவற்றின் மஞ்சள் கறை, தூரத்துக் கோயில் ஒலிபெருக்கி, எத்தனை பினாயில் ஊற்றினாலும் போகாத சாம்பார் வாசனை. மேலே தெர்மாகோல் எழுத்தில் ஒரு ஜோடியின் பெயர். மணமகன் முழுசாக இருந்தான், மணமகள் பாதி உதிர்ந்திருந்தாள். வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம் என்று தோன்றியது, உடனே வகுப்பும் ஞாபகம் வந்தது, கடைசி பெஞ்சு வரை கொட்டாவி. இருபத்திரண்டு வருடமாக ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள், எத்தனையோ போர்களை நடத்தி முடித்தாகிவிட்டது, யானைப்படை, குதிரைப்படை, முற்றுகை, சரணாகதி; ஒரு தடவைகூட யாரையும் அடித்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பு இலவசம் என்று போட்டிருந்தார்கள், அதனால் வந்தாள் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கேட்க யாரும் இல்லை. பத்து மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து அண்ணன் தண்டபாணி மினி லாரியோடு வருகிறான், வீட்டைக் காலி செய்து அவளையும் கட்டில் பீரோவையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவான், அதற்குள் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிடலாம், உதைக்க முடிந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நேற்று இரவு படுக்கையில் ஒரு எண்ணம் வந்தது. பந்தயம் கட்டுகிறவர்கள் மீது அவளுக்கு இருந்த இளக்காரம் சாதாரணமானதல்ல. பூப்போட்டுப் பார்க்கிறவர்கள், கிளி எடுக்கும் சீட்டை நம்புகிறவர்கள், பல்லி விழும் பலன் படிக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். இன்று காலை அந்த அலமாரிக்குள் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள்.

மாஸ்டர் பெயர் மார்ட்டின். உதைக்கிற ஆள் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான் என்று எதிர்பார்த்தாள், இவர் அவள் தோளுக்கு இருந்தார், ஒரு காது மட்டும் மிதிபட்ட அப்பளம் மாதிரி சுருங்கியிருந்தது. “வாங் மேடம், செருப்ப அந்தப் பக்கம் உட்டுருங், மோதிரம் கம்மல் இருந்தாக் கழட்டிருங்” என்றார், ஏதோ ஸ்கேன் எடுக்க வந்தவளிடம் சொல்வதுபோல. மற்றவர்களைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் மதிப்பெண் போடுவது தொழில் தந்த வியாதி. ஒரே மாதிரி சட்டை போட்ட கணவன் மனைவி, ஐ.டி.காரர்கள், ஒருவரை ஒருவர் உதைப்பதற்குச் சந்தா கட்டியவர்கள், நூற்றுக்குப் பன்னிரண்டு. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னையே பார்த்த ஒரு பெரியவர். கருணை மதிப்பெண் போட்டாலும் தேறாது. அப்புறம் ரேணுகா. அவளே வந்து பெயர் சொன்னாள், கேட்காமலே பியூட்டி பார்லர் வைத்திருப்பதைச் சொன்னாள், கத்திரிப்பூ நிறத்தில் கால்சட்டை, அதே நிறத்தில் நகம், அதே நிறத்தில் தண்ணீர் பாட்டில். “அக்கா புதுசுங்ளா? பயப்படாதீங், நானும் போன வாரம் புதுசுதான், இப்பப் பாருங், எங்க வூட்டுக்காரர் ரிமோட்ட எங்கையிலயே குடுத்தர்றாரு.” இதற்குப் பூஜ்யம்கூட அதிகம் என்று நினைத்துவிட்டுச் சிரித்து வைத்தாள். சிரித்து வைப்பதில் மட்டும் அவள் முதல் வகுப்பு. கை நீட்டு, மடக்கு, முழங்காலைத் தூக்கு, குதி என்றார்கள். குதித்தாள். உடம்பு என்று ஒன்று இருப்பதே கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. இத்தனை வருடமாக அதைத் தலையைத் தூக்கிக்கொண்டு போகிற ஸ்டாண்டு மாதிரிதான் வைத்திருந்தாள், வகுப்புக்குக் கொண்டுபோ, நூலகத்துக்குக் கொண்டுபோ, திருப்பிக் கொண்டுவந்து படுக்கப் போடு. இப்போது அது மூச்சிரைத்தது, அங்கங்கே தனித்தனியாகக் குலுங்கியது, அவளிடம் கேட்காமலே வியர்த்தது. மூச்சு வாங்கினால் கூடவே அந்தப் பயமும் வருகிறது, அதுதான் மோசம், மாடிப்படி ஏறினால் வருகிறது, பேருந்துக்கு ஓடினால் வருகிறது, நெஞ்சு படபடத்தால் போதும், ஏன் படபடக்கிறது என்று விசாரிக்காமல் பயம் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது.

“பின்னாடி போவாதீங் மேடம்” என்றார் மார்ட்டின். ரேணுகா குத்த, அம்சவேணி மெத்தைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, நிற்பது. அதைப் பேட் என்றார்கள். ஒவ்வொரு குத்துக்கும் அவள் ஓரடி பின்வாங்கினாள், வாங்கி வாங்கி முதுகு கை கழுவும் தொட்டியில் இடித்தது. ரேணுகாவின் குத்து ஒன்றும் பிரமாதமில்லை, சப்பாத்தி மாவு பிசைகிற குத்து, இருந்தும் கால் தானாகப் பின்னால் போனது. மார்ட்டின் அவளை மறுபடி பாயின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார், மறுபடி அவள் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். பின்வாங்குவதும் ஒரு போர்முறை, எதிரியைத் தன் நிலத்துக்குள் இழுத்துப் பட்டினி போட்ட தளபதிகள் உண்டு என்று சொல்ல வாய் வந்தது, கத்திரிப்பூ கால்சட்டையைப் பட்டினி போட்டு யாருக்கு என்ன லாபம் என்று விட்டுவிட்டாள். பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டு மாடியறையில் ஏற்கெனவே கொப்பரை காய்கிறது, ஒரு பக்கம் தள்ளிவிட்டு அவளுக்கு இடம் செய்து தருவார்கள். அண்ணி நல்லவள், நல்லவள் என்பதுதான் கஷ்டம், “உனக்கென்ன கண்ணு, மூணு வேளையும் மேலயே கொண்டாந்து குடுத்தர்றேன், இந்தப் பொஸ்தகத்தையெல்லாம் வேணா எடைக்குப் போட்டரலாமா” என்று அன்போடு கேட்பாள், அம்சவேணி சிரித்து வைப்பாள். வேலையை விட்டுவிட வேண்டாம், தினம் பஸ்ஸில் போய் வா என்று அண்ணன் சொல்லியிருந்தான், பெரிய மனசு. சாயங்காலம் வர நேரமானால் பஸ் ஸ்டாண்டில் அவன் மகன் பைக்கோடு நிற்பான். எட்டு மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் கீழேயிருந்து குரல் வரும். இதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரியும், தெரிந்துதான் சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்பதைத்தான் இந்த ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் வீடு புகுந்து திருடிவிட்டார்கள், தனியாக இருக்கிற பொம்பளை, பயந்துவிட்டாள் என்று அண்ணன் நினைக்கிறான், ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். ஆள் இல்லாத நேரம். அந்த மூன்று வார்த்தையை மட்டும் மனது திரும்பத் திரும்பப் போய்த் தொட்டுவிட்டு வந்தது, ஆடுகிற பல்லை நாக்கு தொடுவதுபோல.

“இப்ப ஒதை” என்றார் மார்ட்டின். இடது காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வலது காலை வீசி, பாதத்துக்கு மேல் இருக்கிற எலும்பால் பேடில் அடிக்க வேண்டும். ரேணுகா பேடைத் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “வாங்க்கா, மாமியாளா நெனச்சுக்கங்” என்றாள். மாமியார் இல்லாதவள் என்ன செய்வாள், துணைவேந்தரை நினைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தபடியே காலை வீசினாள், கால் பேடுக்குக் கீழே போய் ரேணுகாவின் முழங்காலுக்கு மேல் பட்டது, லேசாகத்தான், ஒரு பூனை உரசினமாதிரி. பட்டதுதான் தாமதம், அம்சவேணி குனிந்தாள், கை போய் ரேணுகாவின் காலைத் தொட்டது, தொட்ட விரல்கள் வந்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டன, ஒரு தடவை, இரண்டாவது தடவை, அப்புறம்தான் கூடம் முழுக்கச் சிரிக்கிறது என்று காதுக்கு எட்டியது. வயிற்றை உள்ளே இழுத்திருந்த பெரியவர் சிரித்ததில் வயிறு வெளியே வந்துவிட்டது. சிரிக்காதது மார்ட்டின் ஒருவர்தான். முகம் எரிந்தது. விதவையின் தாலியறுப்பு முதல் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கார் எடுப்பது வரை எல்லாச் சடங்கின் பூர்வீகத்தையும் பிரித்துக் காட்டி நாற்பது பக்கத்தில் கட்டுரை எழுதியவள் அவள். உடம்பின் மேல்சாதி தலை, கீழ்ச்சாதி கால் என்று கருத்தரங்கில் சொல்லிக் கைதட்டு வாங்கியவள். அந்தக் கட்டுரையை விரலுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. “எல்லாருக்கும் வர்றதுதானுங் மேடம்” என்றார் மார்ட்டின், “நம்மூர்ல இது பெரிய ரோதனை. எங்கிட்ட ஒரு பையன் இருந்தானுங், நல்ல ஒதை, சேலத்துல டோர்னமெண்ட். மொத ரவுண்டு, எதிராளி நெஞ்சுல சும்மா நச்சுனு ஒரு ஒதை உட்டான். உட்டுட்டு என்ன பண்ணுனான்? தொட்டுக் கும்பிடக் குனிஞ்சான். குனிஞ்ச எடத்துக்கு எதிராளியோட மொழங்காலு வந்துச்சு. மூக்கு போச்சுங்.” “இப்ப என்ன பண்றானுங் மாஸ்டர்?” என்றாள் ரேணுகா. “பேக்கரி வெச்சுருக்கான். நல்லாப் போகுது.”

அதற்கென்று மார்ட்டின் ஒரு பயிற்சி வைத்திருந்தார். எந்த ஊர்ப் பள்ளியிலும் இது கிடையாது, தானே யோசித்தது என்றார் கொஞ்சம் பெருமையோடு. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும், இருவர் கையும் துப்பட்டாவால் முதுகுக்குப் பின்னால் கட்டப்படும், ஒருவர் தன் உள்ளங்காலைத் தூக்கி மற்றவர் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும், எதுவும் செய்யாமல், கும்பிடத் துடிக்கிற கை துடித்து அடங்குகிறவரை. அப்புறம் மாற்றி. கேட்கும்போதே அம்சவேணிக்கு அருவருப்பாக இருந்தது, சிரிப்பும் வந்தது, கையை மட்டும் பின்னால் கொடுத்தாள். ரேணுகாவின் கால்தான் முதலில் வந்தது. சூடான, சற்று ஈரமான உள்ளங்கால், பாயின் ரப்பர் வாடை, கத்திரிப்பூ நகங்கள் ஐந்தும் அவள் தொடையில் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்தன. “அக்கா, கூசுதுங்ளா?” என்றாள் ரேணுகா, அவள் கையும் பின்னால் துப்பட்டாவுக்குள் நெளிந்துகொண்டிருந்தது. கூசவில்லை. கால் அங்கே இருந்தது, அவ்வளவுதான். அவளும் நின்றாள், பின்வாங்க இடமில்லை, பின்னால் மார்ட்டின் நின்றார். கால் பட்ட இடத்திலிருந்து திருட்டு நடந்த அந்த நாள் ஏறி வந்தது, படிக்கட்டு, மத்தியானம், அரை நாள் லீவு, கையில் கீரைக்கட்டு. அவள் ஏறிக்கொண்டிருந்தாள், அவன் இறங்கிக்கொண்டிருந்தான், ஒல்லிப் பையன், தொளதொளச் சட்டை, முதுகில் ஒரு பை, இரண்டு கையாலும் ஒரு கிரைண்டரை வயிற்றோடு அணைத்துப் பிடித்து மூச்சிரைக்க ஒவ்வொரு படியாக. பாரம் தூக்கி வருகிறவனுக்கு வழி விட வேண்டும், அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் கடந்தபோது அவன் கால் அவள் காலில் பட்டது. அவன் நின்றான். கிரைண்டரைப் படியில் இறக்கி வைத்தான், குனிந்து அவள் காலைத் தொட்டான், கண்ணில் ஒற்றிக்கொண்டான், “சாரிங்க்கா” என்றான். “பரவால்ல” என்றாள். அப்புறம் அவன் மறுபடி தூக்கப் பார்த்தான், கல் உள்ளே புரண்டது, ஒரு பக்கம் சாய்ந்தது, அவள் கீரைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கை பிடித்துவிட்டாள். பிடித்தபோது பார்த்தாள், கிரைண்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு, ஆயுத பூஜைக்கு அவளே வைத்தது, நம்பிக்கை இல்லாமல் வைத்தாலும் சந்தனம் சந்தனம்தான், விரல் அகலம்கூட அவளுடையது. தெரிந்தது. இங்கேதான் மனது வழுக்கிவிடப் பார்க்கும், தெரியவில்லை, மேலே போய்த் திறந்த கதவைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது என்று எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தாகிவிட்டது, ஆதாரம் எதிராக இருக்கிறது. தெரிந்தது, தெரிந்தபிறகும் கையை எடுக்கவில்லை, அவன் பிடி சரியாகிறவரை தாங்கிக் கொடுத்தாள், பார்த்துப் போ என்றுகூடச் சொன்னாளோ என்னவோ. அவனிடம் கத்தி இல்லை. அவன் முறைக்கவில்லை. அவன் பயமுறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், அண்ணன் சொல்வதுபோலத் தனியாக இருக்கிற பொம்பளை பயந்துவிட்டாள் என்று தானும் சொல்லிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போயிருக்கலாம். மரியாதையாகக் கேட்டால் கிரைண்டர் என்ன, வீட்டுச் சாவியையே எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூடப் போய்க் கதவைத் திறந்தும் விடுவாள், அப்படி ஒரு ஆள் தனக்குள் இருக்கிறாள் என்று தெரிந்தபிறகு அவளோடு தனியாக ஒரே வீட்டில் எப்படி இருப்பது.

“போதுங், மாத்துங்” என்றார் மார்ட்டின். இப்போது அவள் கால், ரேணுகாவின் தொடையில். தூக்கி வைக்கும்போதே முதுகுக்குப் பின்னால் கை விழித்துக்கொண்டது, துப்பட்டாவை இழுத்தது, முடிச்சு இறுகியது, விரல்கள் காற்றில் எதையோ தேடின. கேவலம், ஒரு மண்ணில்லாத சுத்தமான பாதம், ஒரு பியூட்டி பார்லரின் தொடை, இதற்குப் போய் இந்தக் கை இந்தப் பாடு படுகிறதே என்று தன் கையைத் தானே பார்க்க முடியாமல் ஏளனம் செய்தாள். ரேணுகா நகராமல் நின்றாள். நெற்றியில் வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது, துடைக்கக் கையில்லை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, “நல்லா அமுத்துங்க்கா, ஒண்ணுமாவாது” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அழுத்தினாள். கை இன்னும் கொஞ்சம் இழுத்தது, அப்புறம் இழுக்கவில்லை. எப்போது நின்றதென்று அவள் கவனிக்கவில்லை, கவனிக்காததும் நல்லதாகப் போயிற்று, கவனித்திருந்தால் அடிக்குறிப்பு எழுத உட்கார்ந்திருப்பாள். துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, “இப்ப ஒரே ஒரு ஒதை, ஒழுங்கா” என்றார் மார்ட்டின். யாரையும் நினைத்துக்கொள்ளவில்லை. துணைவேந்தர் வரவில்லை, படிக்கட்டுப் பையனும் வரவில்லை, இடுப்பு திரும்பியது, கால் போனது, பேடின் நடுவில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. ரேணுகா பேடோடு பின்னால் போய்ப் பாயில் மல்லாக்க விழுந்தாள். அம்சவேணி நின்றாள். கை இரண்டும் முன்னால்தான் இருந்தன, கட்டு எதுவும் இல்லை, அவை முகத்துக்கு முன்னால் மடங்கியபடி அப்படியே நின்றன. கீழே ரேணுகா மூச்சுக்குத் தவித்தபடி, “எங்கம்மா… அக்கா… ஒரு கையி குடுங்” என்றாள். கொடுத்திருக்க வேண்டும். ஒரு கணம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஒரு கணம் எவ்வளவு இனிப்பாக இருந்ததென்று பிற்பாடு யாருக்கும் சொல்லப் போவதில்லை, அப்புறம் கை கொடுத்தாள். எழுந்த ரேணுகா, “எந்தச் சக்களத்திய நெனச்சீங்?” என்று கேட்டுவிட்டுத் தொடையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள், அவளுக்கு நூற்றுக்கு எவ்வளவு போடுவதென்று அம்சவேணிக்குத் தெரியவில்லை.

அப்போது பையில் போன் அடித்தது. அண்ணன். “அம்சு, லாரிக்காரனுக்கு மத்தியானம் வேற ட்ரிப்பு இருக்குதாமா, அதான் நேரமே கெளம்பிட்டோம், உன்ற வூட்டு வாசல்ல நிக்கறோம், எங்க போய்த் தொலஞ்ச காலங்காத்தால?” “அண்ணா, நான் வரல.” “எங்க வரல?” “பொள்ளாச்சிக்கு.” அந்தப் பக்கம் லாரியின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. “என்ன புள்ள வெளையாடறயா, வண்டி வந்து நிக்குது, ரெண்டு ஆளு வேற கூட்டியாந்திருக்கறேன், டிரைவருக்கு நான் என்ன பதில் சொல்றது?” “நீங்க சொல்ல வேண்டாம், போன அவர்கிட்டக் குடுங்க, நான் சொல்றேன்.” சொல்லிவிட்டாள், சொன்னபிறகுதான் யோசித்தாள். முகம் தெரியாத ஒரு ஆண்பிள்ளை, வேலையைக் கெடுத்தாயிற்று, கத்துவான், மரியாதையாகக் கேட்டால் அதைவிட மோசம், வந்ததுக்கு ஏத்திட்டுப் போயிர்றனுங்க்கா என்று பணிவாக ஒரு வார்த்தை சொன்னால் அவ்வளவுதான், தானே போய்ப் பீரோவுக்கு ஒரு கை பிடிப்பாள். மூன்று காரணங்களை வரிசைப்படுத்தினாள், மூன்றாவதற்கு இரண்டு உட்பிரிவு. போன் கை மாறியது. “சொல்லுங்க்கா.” “வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க. சாமான் எதுவும் ஏத்த வேண்டாம்.” “சரிங்க்கா” என்றான் டிரைவர்.

அவ்வளவுதான். மூன்று காரணமும் உட்பிரிவுகளும் வாயிலேயே நின்றன. சரிங்க்கா. வெல்லக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்து கேட்பார்களா என்று உலகம் இத்தனை நாள் காத்திருந்த மாதிரி. இது இவ்வளவு சுலபம் என்று யாரும் சொல்லித்தரவில்லையே என்று அவளுக்கு முதலில் உலகத்தின்மேல் இளக்காரம் வந்தது, அப்புறம், மேலே கொண்டுபோய் வை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒல்லிப் பையனும் இப்படித்தான் சரிங்க்கா என்றிருப்பான், மூச்சிரைக்க மறுபடி படியேறிப் போய்ச் சமையல் மேடையில் அதே இடத்தில் வைத்துவிட்டு, கால் பட்டதற்கு இன்னொரு தடவை மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போயிருப்பான் என்று தோன்றியது, தோன்றிய இடத்தில் இளக்காரம் கால் வழுக்கி நின்றது. யார்மேலும் அதை வைக்க முடியவில்லை. தொடை வலிக்க ஆரம்பித்தது. என்ஜின் சத்தம் தூரமாகப் போனது, போன் அண்ணனிடம் திரும்பி வந்திருந்தது, அவன் மூச்சு கேட்டது. “போயிட்டான். நெசமாவே போயிட்டான். இப்ப எங்கதான் இருக்கற நீ?” “கல்யாண மண்டபத்துல.” “அங்க உனக்கு என்ன வேலை?” “ஒதைக்கப் பழகறேண்ணா.”  அவன் லாரி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான், கூட வந்த இரண்டு ஆட்களும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த இரண்டு பேருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, அண்ணன் கேட்டான்: “யார?”

நாற்பத்தேழு வருடத்தில் அவளிடம் அவன் கேட்ட கேள்விகளில், பதிலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேட்டது இது ஒன்றுதான். ரேணுகா பேடை மாட்டிக்கொண்டு வந்து நின்று கண்ணால் கூப்பிட்டாள். அம்சவேணி போனைக் காதிலிருந்து எடுக்கவுமில்லை, பதில் சொல்லவுமில்லை. அவனைச் சற்றுக் காக்க வைத்தாள்.